மனையும் மாடியும்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மயிலாப்பூரிலிருந்து. திருமயிலையில் மெட்ரோவுக்குப் பள்ளம் தோண்ட ஆரம்பித்ததிலிருந்தே இப்படித்தான். பில்டர்கள் வாசலில் வந்து நிற்கிறார்கள், வாசகர்கள் எனக்கு எழுதுகிறார்கள். அதனால் இந்த இதழை முழுக்க மயிலைக்கே கொடுத்துவிட்டேன். போரூர், தாம்பரம் வாசகர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அம்மா, சித்திரக்குளம் அருகே எங்கள் பூர்விக வீடு. இருபதடி முகப்பு, நூற்றிருபதடி ஆழம். அண்ணன் தம்பிகள் நால்வர். பழைய வீட்டை இடித்து ஃபிளாட் கட்டிப் பாதிக்குப் பாதி தருகிறேன் என்கிறார் பில்டர். ஆனால் பக்கத்து வீடும் சேர்ந்து வந்தால்தான் கையெழுத்தாம். பக்கத்து வீட்டுப் பெரியவர் அசைய மறுக்கிறார். எங்களை ஏன் அவரோடு முடிச்சுப் போடுகிறார்கள்?
(வாசகர், மயிலாப்பூர்)

எல்லாம் காருக்காகத்தான். ஒரு காரை நிறுத்த இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம் வேண்டும். உங்கள் இருபதடியில் தூண், லிஃப்ட், மாடிப்படி எல்லாம் போக ஒரு காரை உள்ளே விடலாம். இரண்டாவது கார் வந்தால் முதலாவது வெளியே வர முடியாது. அக்கிரகாரத்து வீடுகள் காருக்காகக் கட்டப்பட்டவை அல்ல. தெருவில் குறைந்த முகப்பு, உள்ளே திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கடைசியில் கிணறு என்று ரயில் பெட்டி போல நீண்டு போகும். காற்றும் வெளிச்சமும் முற்றத்திலிருந்து வந்தன. ஃபிளாட் வாங்குகிறவரோ ஒவ்வொரு படுக்கை அறைக்கும் ஜன்னல் கேட்கிறார். இரண்டு வீடு, முடிந்தால் மூன்று வீடு சேர்ந்தால்தான் பில்டருக்கு அந்த ஜன்னல்கள் கிடைக்கும்.

இப்போது கணக்குக்கு வருவோம். உங்கள் மனை 2,400 சதுர அடி, சரியாக ஒரு கிரவுண்டு. 2019-ல் வந்த கட்டட விதிகளுக்கு முன்பு சாதாரணக் கட்டடத்துக்கு எஃப்.எஸ்.ஐ. (மனைப் பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு) 1.5, அதாவது 3,600 சதுர அடி. இப்போது 2. அப்படியானால் 4,800. தெரு போதிய அகலம் இருந்தால், கட்டணம் கட்டி பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. என்று கூடுதலாக 30 சதவீதத்திலிருந்து 50 சதவீதம் வரை வாங்கலாம். அதை விட்டுவிட்டு 4,800 என்றே வையுங்கள். பாதி 2,400. நான்கு பேருக்கு ஆளுக்கு 600. பால்கனி, பொது இடம் எல்லாம் சேர்த்து விற்பனைப் பரப்பு என்று பில்டர் ஒரு பெரிய எண் சொல்வார், அது வேறு. உள்ளே கால் வைத்து நடக்கிற இடம் ஒரு படுக்கை அறை வீடுதான். நால்வரில் யார் உண்மையிலேயே அங்கே குடியிருக்கப் போகிறீர்கள்? பில்டரிடம் பேசுவதற்கு முன் உங்களுக்குள் இதைப் பேசி முடியுங்கள். நான் திட்ட அலுவலகத்தில் இருந்த காலத்தில் பார்த்த பாதி வழக்குகள் பில்டரால் வந்தவை அல்ல, மூன்றாவது மாடி யாருக்கு என்பதில் வந்தவை.

அடுத்தது தெரு. எத்தனை மாடி என்பதை மனை தீர்மானிப்பதில்லை, தெருவின் அகலம்தான் தீர்மானிக்கிறது. ‘ஸ்டில்ட் பிளஸ் ஐந்து’ (கீழே தூண்களுக்கு நடுவில் கார், மேலே ஐந்து மாடி) என்று பில்டர் கையை உயர்த்திக் காட்டுவாரே, அந்த 18.30 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ முப்பதடித் தெரு, அதாவது 9 மீட்டர் வேண்டும். பத்திரத்தில் முப்பதடி என்று எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை டேப் பிடித்து நீங்களே அளந்து பாருங்கள். குளத்தைச் சுற்றியுள்ள சந்துகளில் பல தேறாது. கோயிலை ஒட்டிய பகுதியில் உயரத்துக்குத் தனிக் கட்டுப்பாடு ஏதும் உங்கள் சர்வே எண்ணுக்கு உண்டா என்பதையும் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.விடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ச்சொல் போதாது.

ஒப்பந்தம் பற்றிச் சில வார்த்தைகள். பில்டருக்குக் கொடுக்கும் பவர் பத்திரம் அவர் பங்கு யு.டி.எஸ்.ஸை, அதாவது மனையின் பிரிக்கப்படாத பங்கை, விற்பதற்கு மட்டும் இருக்கட்டும், மொத்த மனையையும் அடமானம் வைக்கும் உரிமை அதில் ஒளிந்திருக்கக் கூடாது. கட்டி முடிக்கும் வரை வாடகை யார் தருவது, தாமதமானால் மாதம் எவ்வளவு என்பதை எண்ணில் எழுதுங்கள், ‘நியாயமான தொகை’ என்று எழுத விடாதீர்கள். மனை 500 சதுர மீட்டருக்கு மேல் என்றாலோ, எட்டு வீட்டுக்கு மேல் என்றாலோ ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு கட்டாயம். உங்கள் ஒரு கிரவுண்டு அதற்குள் வராது, பக்கத்து மனையும் சேர்ந்து வீடுகளின் எண்ணிக்கை எட்டைத் தாண்டினால் வந்துவிடும். ஒப்பந்தத்தைப் பதிவு செய்துகொண்டால், தனிநபர்களான உங்களுக்கு மூலதன ஆதாய வரி பணி நிறைவுச் சான்று வரும் ஆண்டில்தான் விழும். அதற்குள் உங்கள் பங்கை விற்றால் அந்தச் சலுகை போய்விடும், ஆடிட்டரைக் கேளுங்கள்.

இன்னொன்று, இதை யாரும் எழுதுவதில்லை. பர்மா தேக்குத் தூண்கள், நிலைக்கதவு, மெட்ராஸ் டெரஸின் (மர உத்தரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட தளம்) உத்தரங்கள் யாருக்கு? ஒப்பந்தத்தில் இல்லையென்றால் இடிக்க வருகிற ஆள் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். அந்த மரத்துக்குத் தனி விலை உண்டு. நிலைக்கதவு வேண்டுமென்றால் ‘உரிமையாளருக்கு’ என்று எழுதிவிடுங்கள்.

பக்கத்து வீட்டுப் பெரியவரை வற்புறுத்த வேண்டாம். அவர் வீட்டை அவர் வைத்துக்கொள்ளட்டும்.

நாளிதழில் எங்கள் தெருவில் ஒரு மனையைக் ‘குடியிருப்பிலிருந்து வணிகத்துக்கு வகை மாற்ற உத்தேசம்’ என்று சி.எம்.டி.ஏ. அறிவிப்பு வந்திருக்கிறது. தெருவே கடைத்தெருவாகிவிடுமா?
(வாசகி, லஸ்)

ஒரு மனை மாறினால் தெரு முழுக்க மாறாது. 1971-ம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 32-வது பிரிவு 4-வது உட்பிரிவின் கீழ் முழுமைத் திட்டத்தில் (நகரில் எந்த இடம் எதற்கு என்று வகுக்கும் மாஸ்டர் பிளான்) இப்படித் திருத்தம் செய்யலாம். அறிவிப்பு போடுவதே உங்கள் ஆட்சேபத்தைக் கேட்பதற்குத்தான். அதில் சொன்ன கெடுவுக்குள் எழுதிப் போடுங்கள். ‘எங்கள் பாரம்பரியம் பாழாகிறது’ என்று நான்கு பக்கம் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். தெருவின் அகலம் இவ்வளவு, அறுபத்துமூவர் அன்று தீயணைப்பு வண்டி திரும்ப முடியாது, சாக்கடை மழைக்கு எத்தனை முறை பொங்கியது, இதோ புகைப்படம். இப்படி ஒரு பக்கம் போதும். டவுன் சர்வே எண்ணையும் பிளாக் எண்ணையும் மேலே எழுதுங்கள்.

ஆனால் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நீங்கள் பயப்படும் கதவு வழியாக மயிலாப்பூர் மாறவில்லை. உங்கள் தெருவில் கடந்த சில ஆண்டுகளில் இடிந்த வீடுகளை எண்ணிப் பாருங்கள். அவற்றில் எத்தனைக்கு வகை மாற்றம் கேட்டார்கள்? குடியிருப்பு இருந்த இடத்தில் குடியிருப்புதான் வந்தது, அதற்கு வகை மாற்றம் எதற்கு? உண்மையான மாற்றம் 2019 விதிகளில் நடந்தது. 1.5 என்பது 2 ஆன அன்று, நகரத்தின் ஒவ்வொரு பழைய ஓட்டு வீட்டுக்கும் இடிப்பதில் லாபம் கூடியது. அதற்கு எந்தத் தெருவுக்கும் தனியாக நோட்டீஸ் வரவில்லை. நகரம் முழுவதற்கும் ஒரே எண் என்றால், புதிதாக லே-அவுட் போட்ட ஊருக்கும் மாட வீதிக்கும் ஒரே சட்டைதான். எனக்கு இதில்தான் வருத்தம்.

இரண்டாம் முழுமைத் திட்டம் 2008-ல் வந்தது, 2026 வரைக்கானது. மூன்றாவதன் வேலை நடக்கிறது. ஆட்சேபத்தை விட இதற்குக் கருத்து எழுதுவதில் அதிகப் பலன் உண்டு. மாட வீதிகளுக்கும் சித்திரக்குளத்துக்கும் தனி உயர எல்லை கேளுங்கள். மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் 9 மீட்டர்தான் என்று விதி இருக்கிறது. மீறியவர்கள் இல்லாமலில்லை, ஆனாலும் கோபுரம் இன்னும் தெரிகிறது.

இந்த வீடுகளை இடிக்கக் கூடாது என்று அரசு ஏன் ஒரு தடை போடக் கூடாது? பாரம்பரியக் கட்டடச் சட்டம் எல்லாம் எதற்கு இருக்கிறது?
(கல்லூரி மாணவர், அடையாறு)

கோபம் நல்லதுதான் தம்பி. கதை இது. அண்ணா சாலையில் 1897-ல் கட்டிய பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை 2006-ல் எல்.ஐ.சி. இடிக்கத் தொடங்கியது. பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் நீதிமன்றம் போனது. 2010-ல் வந்த சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு கட்டடத்தைக் காப்பாற்றியதோடு, பாரம்பரியப் பாதுகாப்புக் குழு ஒன்றை அமைக்கவும் சொன்னது. நீதிபதி பத்மநாபன் குழு தந்த பட்டியலில் 467 கட்டடங்கள். அதெல்லாம் சரி. ஆனால் பட்டியல் ஒவ்வொரு கட்டடமாகப் பார்க்கிறது. மயிலாப்பூரின் அழகு தனிக் கட்டடத்தில் இல்லை, வரிசையில் இருக்கிறது. பத்துத் திண்ணை அடுத்தடுத்து இருந்தால் அது தெரு. நடுவில் நான்கை எடுத்து ஸ்டில்ட் போட்டால் மிச்சம் ஆறும் அனாதை.

தடை போடு என்கிறாயே, அந்த வீட்டில் எண்பது வயது அம்மா ஒருத்தி இருப்பார். கழிப்பறை கொல்லைக்கோடியில். மழைக்கு மெட்ராஸ் டெரஸ் ஒழுகும், சுண்ணாம்பு இடித்துத் தளம் போடத் தெரிந்த கொத்தனார் கிடைப்பது குதிரைக்கொம்பு. பிள்ளைகள் வெளிநாட்டில். அந்த அம்மாவைப் பார்த்து ‘நீ இதை ஊருக்காகக் காப்பாற்று’ என்று சொல்ல எனக்கு வாய் வராது. இழப்புக்கு ஈடு கொடுத்துவிட்டுத் தடை போடு என்றால் ஒத்துக்கொள்வேன். மும்பையில் 1995-லேயே பாரம்பரியக் கட்டட விதி வந்தது. இடிக்க முடியாமல் போன உரிமையாளர், கட்ட முடியாத பரப்பை உரிமையாக வேறு இடத்துக்கு விற்கலாம். அதில் ஊழல் நடந்ததும் உண்டு. ஆனாலும் உரிமையாளர் கையில் ஒன்று கிடைத்தது. இங்கே அப்படி ஒன்று ஓடுகிற வண்டியாக வந்தால், திண்ணையும் முகப்பும் நின்று, பின்புறம் மட்டும் இரண்டு மாடி உயரலாம். என்னைக் கேட்டால் அதுதான் வழி. முகப்பை மட்டும் பொம்மை மாதிரி ஒட்டவைத்துவிட்டுப் பின்னால் ஆறு மாடி எழுப்புவதை நான் சொல்லவில்லை.

பக்கத்து வீட்டை இடிக்கத் தொடங்கிவிட்டார்கள். எங்களுக்கும் அவர்களுக்கும் பொதுச்சுவர். கூடத்தில் விரிசல் விழுந்திருக்கிறது. பில்டர் ‘பூச்சு விரிசல்தான் மேடம்’ என்கிறார்.
(வாசகி, மந்தைவெளி)

அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம், ஆனால் அவர் வாயிலிருந்து அதைக் கேட்கக் கூடாது. வரிசை வீடுகளில் இரண்டு பக்க உத்தரமும் ஒரே சுவரில் உட்கார்ந்திருக்கும். ஒரு பக்கத்து உத்தரத்தைப் பிடுங்கினால் சுவருக்கு அந்தப் பக்க முட்டு போய்விடுகிறது. கீழே அஸ்திவாரத்துக்குத் தோண்டினால் அடியும் தளரும்.

இன்றைக்கே எல்லா அறைகளையும் தேதியோடு படம் எடுங்கள். விரிசலின் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டைச் சிமென்ட் வைத்து ஒட்டுங்கள். கண்ணாடி உடைந்தால் விரிசல் இன்னும் நகர்கிறது, அதாவது பூச்சு விரிசல் அல்ல. கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை உங்கள் செலவில் கூப்பிட்டு அறிக்கை வாங்குங்கள், அந்தச் செலவை அப்புறம் கேட்டு வாங்கலாம். அறிக்கையோடு மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்கும், திட்ட அனுமதி தந்த அலுவலகத்துக்கும் பதிவுத் தபால். சுவருக்கு முட்டு கொடுக்காமல் தோண்டினால் சிவில் நீதிமன்றத்தில் தடை கேட்கலாம். ஐப்பசி மழைக்கு முன் தோண்டிய குழியைத் திறந்தபடி விட மட்டும் சம்மதிக்காதீர்கள்.

நாங்கள் இருப்பது பழைய ஃபிளாட், பன்னிரண்டு வீடு. ஒன்பது பேர் புதிதாகக் கட்டச் சம்மதம், மூன்று பேர் இல்லை. ஒருவர் மறுத்தாலும் முடியாது என்கிறார்களே?
(சங்கச் செயலாளர், ராமகிருஷ்ண மடம் சாலை)

அது பழைய கதை. 2022-ம் ஆண்டின் அடுக்குமாடி உரிமையாளர் சட்டம் 2024 மார்ச்சில் அமலுக்கு வந்தது. மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானம் செய்யலாம். உங்கள் கணக்கில் எட்டு பேர் போதும், ஒன்பது இருக்கிறது. இருந்தாலும் அந்த மூன்று பேரின் காரணத்தைக் கேளுங்கள். வயதானவர்கள் என்றால் பெரும்பாலும் பயம், கட்டி முடியும் வரை எங்கே இருப்பது என்பதுதான். அதே தெருவில் வாடகை வீடு பிடித்துத் தருவதை ஒப்பந்தத்தில் போட்டால் பலர் இறங்கி வருவார்கள். பத்திரங்களில் யு.டி.எஸ். கூட்டினால் மனையளவு வருகிறதா என்று முதலில் பாருங்கள். பழைய ஃபிளாட்டுகளில் அது பல சமயம் வராது.

வீடு எங்கள் தாத்தா கட்டியது, அடிமனை மட்டும் கோயிலுடையது. மாதாமாதம் வாடகை கட்டி ரசீது வைத்திருக்கிறோம். ஜாயின்ட் வென்ச்சர் (கூட்டாகக் கட்டிப் பங்கு பிரித்துக்கொள்வது) செய்யலாம் என்று பில்டர் ஆசை காட்டுகிறார்.
(வாசகர், கச்சேரி சாலை)

முடியாது. உங்களுக்குச் சொந்தம் மேலே உள்ள கட்டடம் மட்டும். யு.டி.எஸ். என்று விற்க உங்களிடம் மனையே இல்லை. கோயில் நிலத்தை ஐந்து ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விடவே அறநிலையத் துறை ஆணையரின் அனுமதி வேண்டும், 1959-ம் ஆண்டுச் சட்டத்தின் 34-வது பிரிவைப் பாருங்கள். நல்ல பில்டர் என்றால் வில்லங்கம் பார்த்ததுமே எழுந்து போயிருப்பார். இவர் போகவில்லை என்பதே யோசிக்க வேண்டிய விஷயம். பழுது பார்ப்பதென்றால் கோயில் அலுவலகத்தில் எழுத்து அனுமதி வாங்கிச் செய்யுங்கள். அவரிடம் முன்பணம் ஏதும் வாங்கியிருந்தால், இந்த வாரமே காசோலையாகத் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்கிவிடுங்கள்.