அழிந்துபோனதாக எழுதிவைத்த மரம் கம்பஹாவில் நின்றது

"இலங்கையில் ஒற்றை மரத்துக்காக அதிவேக நெடுஞ்சாலை வேலையையே நிறுத்தினார்களாமே, அப்படி என்ன இருக்கிறது அந்த மரத்தில்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த மரத்தை வெட்டுவதை நிறுத்தியது உண்மைதான். மரத்தின் பெயர் கிரூடியா சைலானிக்கா. இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத இனம். 1911க்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. அழிந்த, அழியும் ஆபத்திலுள்ள இனங்களைக் குறிக்கும் இலங்கையின் சிவப்புப் பட்டியல், 2012இல் வந்தபோது, அழிந்துவிட்டது என்றே குறித்தது. 2019இல் தாவரவியலாளர் ஹிமேஷ் ஜயசிங்க கம்பஹாவுக்குப் பக்கத்தில் தரலுவையில் ஒரு மரத்தைக் கண்டு அடையாளம் சொன்னார். அது நின்றது நெடுஞ்சாலை போகிற வழியில். 2022 தொடக்கத்தில் வெட்டப் போகிறார்கள் என்றதும் சூழலியலாளர்களும் பௌத்த பிக்குகளும் எதிர்த்து நின்றார்கள், வெட்டுவது நிறுத்தப்பட்டது.

வெள்ளவத்தையிலிருந்து வேலைக்காகக் கம்பஹாவுக்கு ரயிலில் போய்வருபவன் நான். நூறு வருடம் தொலைந்த மரம் சிங்கராஜக் காட்டுக்குள் கிடைத்திருந்தால் இவ்வளவு யோசித்திருக்க மாட்டேன். வீடும் தோட்டமும் நெருங்கிய இடத்தில், ஆட்கள் தினமும் நடமாடும் பக்கத்தில் நின்றிருக்கிறது.

பார்த்தால் பிரமாதமாக ஒன்றுமில்லை. சுமார் எட்டு மீற்றர் உயரம். அவரைக் குடும்பம் என்றாலும், அதற்குள் நம் புளியமரமும் அசோகமும் இருக்கும் பிரிவைச் சேர்ந்தது. எங்காவது கோயிலில் அசோகம் பூத்திருந்தால் ஒரு பூவைக் கையில் எடுத்துப் பாருங்கள்: செம்மஞ்சளாக விரிந்திருக்கும் நான்கும் இதழ்கள் இல்லை, புல்லிகள், அதாவது இதழுக்கு வெளியே இருக்கும் சுற்று. கிரூடியாவின் பூவும் அப்படித்தான், இதழே கிடையாது. அந்தப் பூவையோ தட்டையான காயையோ பார்த்தால்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும். வெறும் இலையை வைத்து, வீதிக்கு நிலம் அளக்க வந்தவர் கண்டுபிடிப்பார் என்று எதிர்பார்க்கவே கூடாது. அதனால்தான் பாதை கீறும் முன்பே, பூக்கிற காலமும் சேர, செடி தெரிந்த ஒருவர் அந்த நிலத்தில் நடந்து பார்க்க வேண்டும் என்கிறேன்.

"பெயர்த்து வேறிடத்தில் நட்டால் போகாதா?" என்று அலுவலகத்திலும் கேட்டார்கள். புளியமரம் என்றால் சரி, ஒன்று பட்டுப்போனாலும் ஊரெல்லாம் இருக்கிறது. இங்கே அப்போது தெரிந்திருந்ததே ஒரு மரம். வேரை அறுத்தால் பிழைக்குமா என்று முதலில் சோதித்துப் பார்க்க இன்னொன்று வேண்டுமே! கிளையை வெட்டி வளர்க்கலாம், வளர்க்கவும் வேண்டும்; ஆனால் அப்படி வளரும் கன்றுகள் எல்லாமே அந்த ஒரே மரத்தின் நகல். விதையில் வரும் கன்றுக்கு ஈடாகாது.

தாழ்நில ஈரக் காடு தென்னை, றப்பர், வீடு என்று மாறியபோது இப்படி எத்தனை மரங்கள் வளவு ஓரங்களில் தனித்துப் போயிருக்கும் என்பது என்னைத் தொந்தரவு செய்கிறது. உங்கள் உறவினர்கள் கம்பஹா, களுத்துறைப் பக்கம் பழைய தோட்டம் வைத்திருந்தால், பெயர் தெரியாத மரத்தை வெட்டும் முன் பூக்கும்வரை பொறுக்கச் சொல்லுங்கள். பூ, காய், இலையின் அடிப்பக்கம் மூன்றையும் படம் எடுத்து, ஏதாவது பல்கலைக்கழகத் தாவரவியல் துறைக்கு அனுப்புங்கள். இலையை மட்டும் எடுத்து அனுப்பினால் அவர்களுக்கும் சிரமம்.