கறுப்பு காரை எப்படிப் படம் எடுப்பது?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். என்னுடைய கறுப்பு செடானை விற்க, மதியம் அப்பார்ட்மெண்ட் பார்க்கிங்கில் போனில் படம் எடுத்தேன். கதவெல்லாம் திட்டுத் திட்டாக, முன்பக்கம் புடைத்துத் தெரிகிறது. நல்ல கேமரா வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம், போனே போதும். இடத்தையும் நேரத்தையும் மாற்றுங்கள்.

கறுப்பு பெயிண்டின் மேல் இருக்கும் கிளியர் கோட் என்ற நிறமில்லாத பளபளப்புப் பூச்சு கண்ணாடி மாதிரி. அடியில் நிறம் இருட்டாக இருப்பதால், மேலே விழும் பிம்பம்தான் கண்ணில் படும். நீங்கள் பார்த்த திட்டுகள் பெரும்பாலும் டியூப்லைட்டும் தூணும் பக்கத்து ஸ்கூட்டரும்தான். நிழலாக இருக்கிறதே என்று கப்பன் பார்க் மரத்தடிக்குக் கொண்டுபோனாலும் இலையும் வானமும் கதவில் புள்ளி புள்ளியாக விழும். மேற்கே கட்டடமோ மரமோ மறைக்காத வெட்டவெளியாகப் பாருங்கள்.

சூரியன் மறைந்த பிறகு 10 முதல் 20 நிமிடம் வரைதான் உங்கள் நேரம். பெங்களூரில் நவம்பரில் மாலை 5.50 வாக்கிலும் ஜூலையில் 6.50 வாக்கிலும் சூரியன் மறையும். அரை மணி முன்பே போய் வண்டியைத் துடைத்து நிறுத்திவிடுங்கள். போர்வெல் தண்ணீரில் கழுவினால் காயவிடாமல் மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். காய்ந்தால் வெள்ளைப் புள்ளி நிற்கும். வண்டியின் பக்கவாட்டு மேற்கைப் பார்க்கட்டும், மேற்கு உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். அப்போது ஹெட்லைட்டிலிருந்து டிக்கி வரை கதவின் மடிப்பை ஒட்டி ஒரே நீளமான ஒளிக்கோடு ஓடும். வண்டியின் வடிவத்தைக் காட்டுவது அந்தக் கோடுதான். வெள்ளைச் சட்டை மட்டும் வேண்டாம், நீங்களே கதவில் தெரிவீர்கள்.

முன்பக்கம் புடைப்பதற்குக் காரணம், மிகக் கிட்ட நின்று எடுத்தது. அருகில் இருக்கும் பம்பர் பெரிதாகவும் பின்பக்கம் சுருங்கியும் விழும். கேமராவில் 2x ஜூம் வைத்து, சுமார் 8 மீட்டர் தள்ளி நில்லுங்கள். முட்டி போட்டு, போனை ஹெட்லைட் உயரத்தில் பிடியுங்கள். முன்கோணத்தில் எடுக்கும்போது ஸ்டீயரிங்கை உங்களுக்கு எதிர்ப்பக்கம் திருப்பி வைத்தால் வீலின் முகம் தெரியும். உங்கள் பக்கம் திருப்பினால் வெறும் டயர்தான் தெரியும்.

இவ்வளவு கறுப்பைப் பார்த்தால் போன் தானாக வெளிச்சத்தைக் கூட்டி வண்டியைச் சாம்பலாக்கிவிடும். திரையில் கதவைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுங்கள். நைட் மோடை அணைத்துவிட்டு, போனை எதிலாவது சாய்த்து வைத்து 3 விநாடி டைமரில் எடுங்கள், ஆடாது.

லென்ஸின் முன்னால் மாட்டும் போலரைசர் ஃபில்டர் பகலில் கண்ணாடியிலும் பெயிண்டிலும் விழும் பிம்பத்தைக் குறைக்கும்; குரோமில் வேலை செய்யாது. அந்தியில் இருக்கும் கொஞ்ச வெளிச்சத்தையும் அது தின்றுவிடும் என்பதால் உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

கீறல்களை மறைக்காதீர்கள். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தைப் பிடித்து, அளவு தெரிகிற மாதிரி எடுங்கள். நேரில் வருபவர் அதைச் சொல்லி விலையை அடிக்க முடியாது. ஓடோமீட்டரை இஞ்சின் ஓடும்போது எடுங்கள். சாவியை மட்டும் திருப்பினால் எச்சரிக்கை விளக்குகள் மொத்தமும் எரிந்து, வண்டியில் ஏதோ கோளாறு என்று வாங்குபவர் பயந்துவிடுவார்.