ரொகாஃபுவெர்டே ஈக்வடார்காரரா, மெக்சிகோ தூதரா?

ஒரே ஆள்தான். பின்னாளில் ஈக்வடார் அதிபரானவர், லண்டனில் மெக்சிகோ தூதரகத்தில் இருந்தவர் என்று நீங்கள் இரண்டாகப் பிரித்து வைத்த விசென்டே ரொகாஃபுவெர்டே பதிவுகளைத் தயங்காமல் சேர்த்துவிடுங்கள்.

குழப்பம் அவர் பிறந்த ஊரால் வந்திருக்கும். 1783-இல், இன்று ஈக்வடாரில் இருக்கும் குவாயாகிலில் பிறந்தார், சரி, ஆனால் 1824-இல் மெக்சிகோவின் தூதர் மிச்செலேனாவுக்குச் செயலாளராக லண்டன் போனபோது ஈக்வடார் என்ற நாடே கிடையாது, அது 1830-இல்தான் அன்றைய பெரிய கொலம்பியாவிலிருந்து தனியாகப் பிரிந்தது. ஸ்பெயினை எதிர்த்த ஸ்பானிய அமெரிக்கர் என்பதே அன்றைக்குப் போதுமான அடையாளம்.

சரிபார்க்க 1826-ஆம் வருடக் கடன் விவகாரத்தைத் தேடுங்கள். கொலம்பியா தன் கடனுக்கு வட்டி கட்ட முடியாமல் திணறியபோது, மெக்சிகோவின் பணத்திலிருந்து 63,000 பவுனை வட்டியில்லாமல் எடுத்துக் கொடுத்தவர் இவர்தான். குவாயாகில் அப்போது கொலம்பியாவில்தான் இருந்தது, ஊர்ப்பாசமும் கொஞ்சம் இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

ஒன்று மட்டும் கவனம்: 1826 டிசம்பரில் பிரிட்டனுடன் போட்ட ஒப்பந்தத்தை இவர் கணக்கில் எழுதிவிடாதீர்கள், மெக்சிகோ தரப்பில் கையெழுத்திட்டவர் செபாஸ்தியான் கமாச்சோ.