கொழுப்புத் திசுப் புற்றுக்கு மார்பகப் புற்றுநோய் மாத்திரை உதவுமா?

பாளையங்கோட்டையிலிருக்கும் உங்கள் மாமாவின் வயிற்றிலுள்ள லைப்போசார்க்கோமா என்னும் கொழுப்புத் திசுப் புற்றுக்கு, மார்பகப் புற்றுநோய்க்கான பால்போசிக்லிப் மாத்திரை பயன்படுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்புற்றின் சில வகைகளில் 12ஆம் குரோமோசோமின் ஒரு பகுதி பலமடங்கு பெருகுவதால் சிடிகே4 என்னும் நொதி மிகுதியாக உருவாகி, செல் பிரிவதைத் தடுத்து நிறுத்தும் ஆர்பி புரதத்தின்மீது பாஸ்பேட்டை ஏற்றிச் செயலிழக்கச் செய்து, மருதூர் அணைக்கட்டின் மதகைத் திறந்துவிட்டதுபோலப் பெருக்கத்துக்கு வழிவிடுகிறது. மாத்திரை அந்நொதியைத்தான் தடுக்கிறது. ஆர்பி புரதமே இல்லாத கட்டியில் இதனால் பயனிராது.

மருத்துவ ஆய்வுகளில் நோய் சில மாதங்கள் வளராமல் நின்றவர்கள் பலர். கட்டி சுருங்கியவர்களோ மிகச் சிலர். ஆகவே, அகற்றக்கூடிய கட்டியாயின் அறுவைச் சிகிச்சையே முதன்மையானது என்பேன். மாத்திரையால் இரத்த வெள்ளணுக்கள் குறையுமென்பதால் அதை 3 வாரம் உட்கொண்டு 1 வாரம் நிறுத்துவதும், இரத்தப் பரிசோதனையும் வழக்கம். திசு மாதிரியில் சிடிகே4, அதே குரோமோசோம் பகுதியிலுள்ள எம்டிஎம்2 ஆகிய மரபணுக்களின் பெருக்கம் பார்க்கப்பட்டதா என்று மருத்துவரிடம் முதலில் கேளுங்கள்.