தாப்பா வரை ரயில், அப்புறம் மெதுவாக

கேள்வி: வணக்கம் அக்கா. நாங்கள் பகாவ் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். என் மாமியாருக்கு 72 வயது. அவர் பிறந்தது கேமரன் மலையில், ஹாபு பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்). 19 வயதில் கல்யாணமாகி இங்கே ரப்பர் மரத்தில் பால் வெட்ட வந்தவர், அதற்குப் பிறகு ஒருமுறைகூட மேலே போகவில்லை. "கண்ண மூடுறதுக்குள்ள நான் பிறந்த லயத்த ஒருதரம் பாக்கணும்" என்று இப்போது கேட்கிறார். செந்தூலில் கொழுந்தன் வீட்டில் எல்லாரும் கூடி, கோலாலம்பூரிலிருந்து புறப்படுவதாகத் திட்டம். செம்பனை லாரி ஓட்டும் என் வீட்டுக்காரர், வேன் எடுத்துத் தானே ஓட்டுகிறேன் என்கிறார். ஈப்போ பக்கமிருந்து ஏறும் சிம்பாங் பூலாய் சாலை அகலமானது, அந்த வழியாகப் போகலாம் என்பது கொழுந்தனின் கட்சி. டிபிஎஸ் பேருந்து முனையத்தில் பஸ் ஏறினால் நேராக மேலே இறக்கிவிடும், செலவும் குறைவு என்கிறார் நாத்தனார். அத்தைக்குச் சர்க்கரையும் முழங்கால் வலியும் உண்டு. சிரம்பான் போய்வந்தாலே வாந்தி எடுத்துவிடுவார். டிசம்பர் பள்ளி விடுமுறையில் போக நினைக்கிறோம். எதில் போவது?
– ஒரு மருமகள், பகாவ்

பதில்: அன்புத் தங்கைக்கு,

மாமியார் ஆசைப்பட்டதற்காக இவ்வளவு யோசித்து எழுதியிருக்கிறீர்கள். படிக்கும்போதே மனசு நிறைந்துவிட்டது. முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். அத்தையை கேஎல் சென்ட்ரலில் இடிஎஸ் (மின்சார விரைவு) ரயில் ஏற்றி, தாப்பா ரோட் நிலையத்தில் இறக்குங்கள். அங்கிருந்து அந்த ஊர் ஓட்டுநர் ஒருவரின் வேனில் பழைய தாப்பா சாலை வழியாக மேலே போங்கள். போவதை டிசம்பரிலிருந்து தைப்பூசத்துக்குப் பிறகு தள்ளிவையுங்கள்.

இவ்வளவு அடித்துச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. பல வருடங்களுக்கு முன்னால் என் அம்மாவை இதே மலைக்குக் கூட்டிப் போனேன். கோலாலம்பூரில் ஒரு வேன் பிடித்தோம். ஓட்டியவருக்கு அன்றே திரும்பி வேறு சவாரிக்குப் போக வேண்டியிருந்தது. தாப்பா தாண்டியதும் அம்மாவுக்குக் குமட்டல். "கொஞ்சம் நிறுத்துங்கள்" என்று மூன்று முறை கேட்டேன். "இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்று போய்க்கொண்டே இருந்தார். மேலே போய்ச் சேர்ந்தபோது அம்மா துவண்டுவிட்டார். இரண்டு நாளும் அறையில் படுத்தே கிடந்தார். தேயிலையைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. திரும்பவும் கூட்டிப் போகிறேன் என்று சொன்னேன், அந்த வாய்ப்பு வரவில்லை. உங்கள் அத்தைக்கு அப்படி ஆகக் கூடாது.

சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கேமரன் மலைக்கு ரயில் கிடையாது. அடிவாரத்தில் இருக்கும் தாப்பா ரோட், கொஞ்சம் வடக்கே தள்ளி ஈப்போ, இந்த இரண்டு நிலையங்கள்தான் நமக்கு உதவும். கோலாலம்பூரிலிருந்து மலையின் முக்கிய ஊரான தானா ராத்தா ஏறக்குறைய 200 கிலோமீட்டர். அதில் முதல் 150 சமதளம். அந்த 150 கிலோமீட்டரை நெடுஞ்சாலையில் உட்கார்ந்து கடப்பதுதான் முதியவர்களுக்கு வீண் அலுப்பு. ரவாங் பக்கம் நெரிசலில் மாட்டினால் முழங்காலை மடக்கியபடி எவ்வளவு நேரம் இருப்பார்? ரயிலில் எழுந்து நிற்கலாம், நாலடி நடக்கலாம். முக்கியமாக, பெட்டியிலேயே கழிப்பறை இருக்கிறது. சர்க்கரை உள்ளவருக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று உங்களுக்கே தெரியும். தாப்பா ரோட்டுக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம். பகாவிலிருந்து முதல் நாளே செந்தூல் வந்து ராத்திரி நன்றாகத் தூங்க வையுங்கள். காலை ரயிலாகப் பாருங்கள். எல்லா ரயிலும் தாப்பா ரோட்டில் நிற்கும் என்று நினைத்துவிடாதீர்கள், நிற்குமா என்று பார்த்துப் பதிவு செய்யுங்கள். விடுமுறை நெருங்கினால் இடம் கிடைக்காது. 60 வயது தாண்டியவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு, அத்தையின் மைகாட் அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கொழுந்தன் சொல்வதில் உண்மை இருக்கிறது. சிம்பாங் பூலாய் சாலை அகலமானதுதான், வளைவுகளும் தாப்பா சாலை போல அடுத்தடுத்து நெருக்கமாக வராது. பிரிஞ்சாங், கம்போங் ராஜா பக்கம் போகிறவர்களுக்கு நானே அதைத்தான் சொல்வேன். ஆனால் உங்கள் அத்தை பிறந்த இடம் ஹாபு. மலையில் ஊர்கள் எந்த வரிசையில் இருக்கின்றன என்று பாருங்கள். தாப்பாவிலிருந்து ஏறினால் முதலில் ரிங்லெட், அடுத்து ஹாபு, அப்புறம் தானா ராத்தா, பிரிஞ்சாங், கீ ஃபார்ம், திரிங்காப், கம்போங் ராஜா. சிம்பாங் பூலாய் வழியாகப் போனால் இந்த வரிசையில் கடைசியிலிருந்து தொடங்குவீர்கள். கீ ஃபார்ம் காய்கறிச் சந்தை, பிரிஞ்சாங் கடைத்தெரு, ஸ்ட்ராபெர்ரி தோட்டங்கள் எல்லாவற்றையும் தாண்டித்தான் ஹாபுவுக்கு இறங்க முடியும். பள்ளி விடுமுறையில் அந்தச் சாலையில் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். வளைவுக்குப் பயந்து ஒதுங்கியவர் நெரிசலில் நின்று நின்று போவதிலேயே வாந்தி எடுப்பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அகலமான மலைச்சாலை வேகத்துக்கு ஆசை காட்டும். 2010 டிசம்பர் 20 அன்று சிம்பாங் பூலாய் சாலையில் இறங்கிக்கொண்டிருந்த சுற்றுலாப் பேருந்து விபத்துக்குள்ளாகி 25க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். எந்த மலையிலும் இறங்கும்போது கியரைக் குறைத்து எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும்படி ஓட்ட வேண்டும். உங்கள் வீட்டுக்காரருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. பாரம் ஏற்றிய லாரி ஓட்டுபவருக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கும்.

அப்படியிருந்தும் அவர் ஓட்ட வேண்டாம் என்கிறேன். அவர் திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. அத்தை இறங்கி வந்தது ஐம்பது வருடங்களுக்கு முன்னால். அப்போது கீழே வர இருந்தது தாப்பா சாலை ஒன்றுதான். 1930களின் தொடக்கத்தில் திறந்த சாலை அது. சிம்பாங் பூலாய் சாலையெல்லாம் 2000க்குப் பிறகுதான். கல்யாணப் பெண்ணாக எந்த வளைவில் அழுதார், எங்கே வண்டி நின்றது, யார் கைகாட்டி வழியனுப்பினார்கள், எல்லாம் அந்தச் சாலையில் ஏறும்போதுதான் அவருக்கு ஞாபகம் வரும். அவர் பேசப் பேச மகன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டாமா? ஸ்டியரிங்கைப் பிடித்து அடுத்த வளைவையே பார்த்துக்கொண்டிருப்பவரால் எதைக் கேட்க முடியும்? அதனால்தான் ஓட்டுவதைத் தாப்பாக்காரர் ஒருவரிடம் விடச் சொல்கிறேன். தினமும் ஏறி இறங்குபவருக்கு எந்த வளைவில் லாரி எதிரே வரும், எங்கே ஒதுங்கி நிற்கலாம் என்பது தெரியும். வாடகை பேசும்போதே சொல்லிவிடுங்கள்: "வயசானவங்க வராங்க, நாங்க கேக்குற இடத்துல நிறுத்தணும், அவசரமில்ல." அவர் முகம் சுளித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

பஸ்ஸைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டிபிஎஸ்ஸிலிருந்து தானா ராத்தாவுக்கு நேரடி பஸ் இருக்கிறது, நாலு, நாலரை மணி நேரம், மலிவு. இளையவர்கள் நாலைந்து பேர் வருவதானால் அதில் போகட்டும், சீட் பெல்ட் போடச் சொல்லுங்கள். அத்தைக்கு அது ஆகாது. குமட்டும்போது பஸ் நிற்காது. அதோடு, ஹாபுவைத் தாண்டிப் போய் தானா ராத்தா ஃப்ரீசியா முனையத்தில் இறங்கி, மறுபடி டாக்சி பிடித்துக் கீழே வர வேண்டும்.

பகாவிலிருந்து கோலாலம்பூரே போகாமல் ரவூப், சுங்கை கோயான் வழியாக ரிங்லெட் ஏறலாமே என்று யாராவது சொல்வார்கள். சாலை இருப்பது உண்மைதான். ஆனால் நீண்ட தூரம் ஆள் நடமாட்டம் இருக்காது, கடையும் கழிப்பறையும் எளிதில் அகப்படாது. முதியவரோடு வேண்டாம்.

டிசம்பரை ஏன் வேண்டாம் என்கிறேன்? அக்டோபரிலிருந்து அங்கே மழை கனமாக இருக்கும், தாப்பா சாலையில் மண் சரிந்து போக்குவரத்தை நிறுத்துவது அடிக்கடி நடக்கிறது. ஜனவரி, பிப்ரவரிதான் மழை குறைந்த காலம். தைப்பூசம் முடிந்து, சீனப் புத்தாண்டு வாரத்தை விட்டுவிட்டு, பிள்ளைகளுக்கு இரண்டு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தாவது ஒரு வாரநாளில் போய்விடுங்கள். அப்போதும் கிளம்புவதற்கு முந்தின நாள் சாலை திறந்திருக்கிறதா என்று பார்க்க மறக்காதீர்கள். மூடியிருந்தால் ரயிலை ஈப்போ வரை நீட்டி, கொழுந்தன் சொன்ன சாலையில் ஏறலாம். அவர் பேச்சு அப்போது உதவும்.

வாந்தி விஷயத்துக்கு வருவோம். வண்டி வளைவதைக் காதுக்குள் இருக்கும் உறுப்பு உணர்கிறது, கண்ணோ முன் இருக்கையின் முதுகைப் பார்த்துக்கொண்டு அசையவில்லை என்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால்தான் வயிறு புரட்டுகிறது. அதனால் அத்தையை முன் இருக்கையில் உட்கார வையுங்கள், தூரத்துச் சாலையைப் பார்க்கட்டும். மகன் சரியாகப் பின்னால் உட்கார்ந்து பேச்சுக் கொடுக்கட்டும். யாரும் கைப்பேசியில் போட்டோ காட்டாதீர்கள். வண்டியில் பாண்டான் இலைக் கட்டோ வாசனைக் குப்பியோ தொங்கினால் எடுத்துவிடச் சொல்லுங்கள், ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். கோடாலித் தைலம் ஒரு சொட்டு போதும், வண்டி முழுக்க மணக்கத் தேய்த்தால் அதுவே குமட்டும்.

வாந்திக்குப் பயந்து பட்டினி போடவே கூடாது. சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டு வெறும் வயிற்றில் ஏறினால் மயக்கமே வரும். இரண்டு இட்லி, லேசான சட்னி, அவ்வளவு. காரச் சம்பால் போட்ட நாசி லெமாக் சோற்றை அன்று தொட வேண்டாம். பயண வாந்திக்கான மாத்திரை ஏறுவதற்கு அரை மணி, ஒரு மணி நேரம் முன்பே போட்டால்தான் வேலை செய்யும். அது தூக்கம் கொடுக்கும், முதியவர்களுக்குத் தடுமாற்றமும் கொடுக்கும். அவர் சாப்பிடும் மற்ற மருந்துகளைக் காட்டி கிளினிக்கில் கேட்டுக்கொண்டு வாங்குங்கள். இஞ்சித் துண்டு வாயில் அடக்கிக்கொள்ளலாம். ஆசாம் போய் (உப்பிட்டு உலர்த்திய பிளம்) நம்மவர்களுக்குப் பிடிக்கும், ஆனால் அதில் உப்பு அதிகம், ரத்த அழுத்தமும் இருந்தால் வேண்டாம்.

தாப்பா ஊருக்குள் ஒரு மணி நேரம் தங்கிப் பசியாறி, கழிப்பறை போய்விட்டுக் கிளம்புங்கள். வழியில் லாத்தா இஸ்கந்தர் அருவி வரும். குமட்டல் இல்லாவிட்டாலும் அங்கே நிறுத்துங்கள். முகம் கழுவி, பூர்வகுடியினர் சாலையோரம் விற்கும் பெத்தாய்க் காயைப் பார்த்துவிட்டு மறுபடி ஏறலாம். மதியத்துக்குள் ரிங்லெட் சேர்வது நல்லது. பிற்பகலில் மழையும் பனிமூட்டமும் இறங்கிவிடும். தாப்பாவிலிருந்து ரிங்லெட் ஏறக்குறைய 45 கிலோமீட்டர்தான், இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

ரிங்லெட் தாண்டியதும் பெரிய ஏரி தெரியும். 1960களில் சுல்தான் அபு பாக்கார் அணை கட்டித் தேக்கிய தண்ணீர். அணை வந்தபோது அத்தை சிறுபிள்ளையாக அங்கேதான் இருந்திருப்பார். தண்ணீர் வருவதற்கு முன் அந்தப் பள்ளத்தாக்கு எப்படி இருந்தது என்று கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. அவர் பிறந்த லயம் இன்றும் நிற்கும் என்று நம்பிப் போகாதீர்கள். பல தோட்டங்களில் பழைய லயங்களை இடித்துவிட்டார்கள், நின்றாலும் வேறு நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் குடியிருக்கலாம். போவதற்கு முன் தோட்ட அலுவலகத்தில் பேசி அனுமதி கேளுங்கள். உள்ளே போகும் பாதை ஒரு வண்டிதான் போகும் அகலம், ஓட்டுநருக்கு முன்பே சொல்லி வையுங்கள். லயம் இல்லை என்று தெரிந்தால் அதை இங்கேயே, பகாவில் வீட்டில் வைத்து அத்தையிடம் மெதுவாகச் சொல்லிவிடுங்கள். அங்கே போய் நின்று அதிர வேண்டாம். தோட்டத்துக் கோயில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் முதலில் அவரை அங்கே இறக்குங்கள். கையில் ஒரு தேங்காயும் கற்பூரமும் இருக்கட்டும், தாப்பாவிலேயே வாங்கிக்கொள்ளலாம். கம்பளிச் சட்டையைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிடாமல் மடியிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், ரிங்லெட்டிலேயே குளிர ஆரம்பித்துவிடும்.

அன்புடன்,
அக்கா