இரவில் வலித்தால் விடியலுக்காகக் காத்திராதீர்கள்

உங்கள் கடிதத்தில் புற்றுநோய் என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை. ஆனால் உசிலம்பட்டியிலிருந்து வந்த அந்த நான்கு பக்கங்களும் அதையே சுற்றி வருகின்றன. 16 வாரக் கர்ப்பத்தில், வலது சினைப்பையில் 7 செ.மீ. டெர்மாய்டு கட்டி, கர்ப்பப்பையின் பின்சுவரில் 3 செ.மீ. தசைக்கட்டி, மருத்துவர் எழுதித் தராமல் நீங்களாகவே செய்துகொண்ட, சினைப்பைப் புற்றுநோய் சந்தேகத்தில் பார்க்கப்படும் சிஏ-125 ரத்தப் பரிசோதனையில் 62, கடைசி வரியில் 'கருவைக் கலைக்கச் சொல்வார்களா' என்ற கேள்வி. இந்தக் கட்டிகளுக்காகக் கருவைக் கலைக்க வேண்டியதில்லை.

டெர்மாய்டு என்பது கருமுட்டையாக வேண்டிய உயிரணுவிலிருந்தே உருவாகி, மிக மெதுவாக வளரும் கட்டி. கர்ப்பத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே உங்களிடம் இருந்திருக்கும். அறுத்துப் பார்த்தால் உறைந்த நெய்யைப் போன்ற கொழுப்பும், அதற்குள் சுருண்டு கிடக்கும் முடியும், சில சமயம் ஒரு பல்லும் இருக்கும். பார்க்க அச்சமூட்டுமே தவிர, அது புற்றாக இருப்பது மிக அரிது. சிஏ-125 அளவு கர்ப்பத்தாலேயே, அதிலும் முதல் மூன்று மாதங்களில், இயல்பான 35-ஐத் தாண்டும். அந்தக் காகிதத்தை மடித்து வைத்துவிடுங்கள். கைபேசியில் தேடிப் பார்த்து இரவெல்லாம் அழுதது வீண். தசைக்கட்டியைக் கர்ப்ப காலத்தில் பொதுவாக யாரும் தொடுவதில்லை, நீங்களும் மறந்துவிடலாம்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது வேறொன்று. அதைக் கடிதத்தில் போகிறபோக்கில்தான் சொல்லியிருக்கிறீர்கள். சென்ற மாதம் ஓர் இரவு வலப்பக்க அடிவயிறு சுருக்கென்று இழுத்து, இருமுறை வாந்தி வந்து, வாய்வுப் பிடிப்பு என்று மாமியார் விளக்கெண்ணெய் தடவ, மெடிக்கலில் வாங்கிய வலி மாத்திரையில் அடங்கியது என்கிறீர்களே, அது வாய்வு என்று நான் நம்பவில்லை. சினைப்பை தன் ரத்தக்குழாய்களையே காம்பாகக் கொண்டு தொங்குகிறது. மூன்றாம், நான்காம் மாதங்களில் கர்ப்பப்பை இடுப்பெலும்புக் கூட்டை விட்டு மேலெழும்போது சாத்துக்குடி அளவுக் கட்டியும் உடன் ஏறி, ஊசலாட இடம் கிடைத்து, கிணற்றுக் கயிறு முறுக்கிக்கொள்வதுபோல் காம்பைச் சுற்றிவிடும். சில நேரம் தானே அவிழும். அப்போது வலி நின்றுவிட, நாமும் மாத்திரை கேட்டது என்று நினைத்துக்கொள்வோம். அவிழாவிட்டால் ரத்த ஓட்டம் நின்று, சில மணி நேரத்திலேயே சினைப்பை அழுகத் தொடங்கும்.

எனவே ஒரு பக்கமாகத் திடீரென்று கடும் வலி எடுத்து, குமட்டலோ வாந்தியோ சேர்ந்தால், விட்டுவிட்டு வந்தாலும் சரி, முதல் பேருந்துக்குக் காத்திருந்து மதுரை ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் வந்து இறங்காதீர்கள். அந்த நேரத்திலேயே 108-ஐ அழைத்து, அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மகப்பேறு மருத்துவமனைக்கு வாருங்கள். ஸ்கேனில் ரத்த ஓட்டம் தெரிகிறது என்பதால் மட்டும் முறுக்கு இல்லை என்றாகிவிடாது என்பதால், கட்டி இருக்கும் செய்தியை வாசலிலேயே சொல்லுங்கள். வலப்பக்கம் என்பதால் குடல்வால் அழற்சியாகவும் இருக்கலாம். அதற்கும் அவசரம் இதேதான்.

மெடிக்கலில் தந்தது டைக்ளோஃபினாக்காக இருந்திருந்தால் இனி வேண்டாம். 20 வாரத்துக்குப் பிறகு அது குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம். ஏழாம் மாதத்துக்குப் பின் இதயத்தருகே உள்ள ஒரு ரத்தக்குழாயை முன்கூட்டியே சுருக்கிவிடக்கூடும். கட்டி கரையும் என்று கொடுத்த சூரணத்தையும் நிறுத்துங்கள். முடியையும் பல்லையும் கரைக்கும் மருந்து எதையும் நான் அறியேன்.

வலியே இல்லாதிருந்தால் பிரசவம் வரை காத்திருக்கலாம் என்றே எழுதியிருப்பேன். ஒருமுறை இப்படி வலித்திருப்பதால், 20 வாரத்துக்கு முன் நுண்துளை அறுவை மூலம் கட்டியை மட்டும் எடுத்துச் சினைப்பையைக் காப்பாற்றலாமா என்று உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் இந்த வாரமே கேளுங்கள். கர்ப்பத்தில் அறுவை செய்ய ஏற்ற காலம் இதுதான். அந்த இரவு வலியை அவரிடம் நீங்கள் இன்னும் சொல்லவில்லை என்றுதான் கடிதத்திலிருந்து தெரிகிறது.