ஓரமாகக் கிடந்த தண்டவாளம்

அன்புள்ள ஐயா,

பொதுச் சேவைகளைத் தனியாருக்குக் கொடுப்பதைப் பற்றி எப்போது எழுதினாலும் நீங்கள் இழவு வீட்டுக் குரலில்தான் எழுதுகிறீர்கள். என் அனுபவம் வேறு. தொலைபேசி இணைப்புக்கு எழுதிப் போட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர் என் அப்பா. ‘நாளைக்கு வாங்க’ என்பதைக் கேட்டே வளர்ந்தவன் நான். தனியார் வந்த பிறகுதான் என்னையும் ஒரு ஆளாக மதித்து ‘சொல்லுங்க சார்’ என்றார்கள். என் மகளையும் தனியார் பள்ளியில்தான் சேர்த்திருக்கிறேன். இது சமூகத்துக்கு நான் செய்யும் கெடுதல் என்பீர்களா?

ரா.

*

அன்புள்ள ரா.,

தொலைபேசி விஷயத்தில் நானும் உங்கள் கட்சிதான். ஒரு நிறுவனம் சரியில்லையென்றால் எண்ணைக்கூட மாற்றாமல் அடுத்த நிறுவனத்துக்குப் போய்விடலாம். போய்விடுவீர்கள் என்ற பயம் இருப்பதால்தான் அந்த ‘சொல்லுங்க சார்’ வருகிறது.

உங்கள் பக்கத்துக்கு இன்னும் பலமான சாட்சி ஒன்றை நானே எடுத்துத் தருகிறேன். 1990களில் அர்ஜென்டினா தன் குடிநீர் விநியோகத்தில் ஒரு பகுதியைத் தனியாருக்குக் கொடுத்தது. பின்னாளில் பொருளாதார ஆய்வாளர்கள் கணக்கெடுத்துப் பார்த்தபோது, தனியாருக்குப் போன பகுதிகளில் குழந்தை இறப்பு சுமார் 8 சதவீதம் குறைந்திருந்தது. மிக ஏழைப் பகுதிகளில் 26 சதவீதம். குழாய் அதுவரை எட்டாத தெருக்களுக்கு எட்டியதுதான் காரணம். தனியார்மயத்தை எதிர்ப்பவர்கள் இந்தக் கணக்கைப் பேசாமல் தாண்டிப் போவது எனக்குப் பிடிப்பதில்லை.

சரி, அப்புறம் என்ன ஆனது? 2001-02இல் அந்த நாட்டின் பொருளாதாரம் கவிழ்ந்தது. பணத்தின் மதிப்பு சரிந்தது, அரசு கட்டணத்தை உயர்த்தவிடவில்லை, நிறுவனம் ஒப்பந்தத்தைக் காட்டிச் சண்டை போட்டது. 1993இல் முப்பது ஆண்டுக்கென்று கையெழுத்தான புவனோஸ் ஐரஸ் நகரத்து ஒப்பந்தம் 2006இல் முறிந்தது. வழக்கு சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போனது. குழாயைத் திறந்து குடம் பிடிப்பவர் அந்த வழக்கில் வாதியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை. வீட்டுக்கு வருவது ஒரே குழாய். போட்டி நிறுவனம் இன்னொரு குழாய் பதித்துக்கொண்டு வாசலில் வந்து நிற்கப்போவதில்லை. விட்டுப் போகவும் வழியில்லை, கேள்வி கேட்கவும் இடமில்லை என்றால் மிச்சம் தெருதான். பொலிவியாவின் கோச்சபம்பா நகரத்தில் அதுதான் நடந்தது. 2000 ஏப்ரலில், ஊரே தெருவில் இறங்கிய பிறகு, தண்ணீர் ஒப்பந்தத்தை ரத்து செய்தார்கள்.

என்னை அதிகம் தொந்தரவு செய்வது கட்டண உயர்வு அல்ல. ‘இது யார் பொறுப்பு?’ என்ற கேள்விக்கு ஆள் இல்லாமல் போவதுதான். பிரிட்டனில் நடந்த ஒரு ரயில் விபத்தைச் சொல்கிறேன். 1990களின் நடுவில் அங்கே ரயில்வேயைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். வண்டி ஓட்ட ஒரு கம்பெனி. தண்டவாளத்துக்குச் சொந்தக்காரர் வேறு. அதைப் பராமரிக்க ஒரு ஒப்பந்தக்காரர், பழையதைக் கழற்றிப் புதிது போட இன்னொரு ஒப்பந்தக்காரர். 2000 அக்டோபர் 17 அன்று, லண்டனிலிருந்து லீட்ஸ் போன ரயில் ஹாட்ஃபீல்ட் அருகே தடம் புரண்டது. நான்கு பேர் இறந்தார்கள். வண்டிக்குக் கீழே தண்டவாளம் முந்நூறுக்கும் மேற்பட்ட துண்டுகளாக நொறுங்கியிருந்தது.

அந்தத் தண்டவாளத்தில் விரிசல் இருப்பது முன்பே தெரியும். மாற்றுத் தண்டவாளமும் வந்து, அதே இடத்தில், பாதையோரமாக மாதக்கணக்கில் கிடந்தது. பொருத்தத்தான் ஆள் வரவில்லை. எத்தனை ரயில்கள் அதை உரசினாற்போலப் போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். விபத்துக்குப் பிறகு இன்னொரு கூத்து. இதே விரிசல் நாட்டில் வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று தண்டவாளத்தின் சொந்தக்காரருக்கே சரியாகத் தெரியவில்லை. தெரிந்திருக்க வேண்டிய பொறியாளர்கள் ஒப்பந்தக்காரர்களிடம் சிதறிப் போயிருந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் வேகத்தைக் குறைக்கச் சொன்னார்கள், நாடு மாதக்கணக்கில் தவழ்ந்தது. ஒரே ஆண்டில் தண்டவாளத்துக்குச் சொந்தக்காரரான அந்த நிறுவனம் மூழ்கியது. 2002இல் தண்டவாளம் லாப நோக்கில்லாத ஒரு அமைப்பிடம் போய்ச் சேர்ந்தது.

அரசுத் துறையில் விபத்தே நடக்காதா என்று கேட்பீர்கள். நடக்கும், நடந்திருக்கிறது. ஆனால் அங்கே அமைச்சரைச் சட்டசபையில் நிற்க வைத்துக் கேட்கலாம். ஒப்பந்தத்தின் 114ஆம் பக்கத்தில் இருக்கும் உட்பிரிவை யாரை நிற்க வைத்துக் கேட்பது?

நீங்கள் சொன்ன ‘சொல்லுங்க சார்’ எனக்கும் கிடைத்தது. போன மாதம் ஒரு சேவை நிறுவனத்தில் புகார் கொடுத்தேன். எண்களை அழுத்தி அழுத்தி கடைசியில் ஒரு பெண் வந்து மிக மரியாதையாகப் பேசினார். பன்னிரண்டு இலக்கப் புகார் எண் தந்தார். மறுநாள் குறுஞ்செய்தி: ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது.’ யாரும் வரவில்லை, எதுவும் தீரவில்லை. மறுபடி அழைத்தேன். பழைய எண் முடிந்துவிட்டதாம், புதிய எண் தந்தார்கள். முன்பெல்லாம் அரசு அலுவலகத்தில் என்மேல் எரிந்து விழுந்த கண்ணாடிக்காரர் ஒருவரிடமாவது, அவர் மேஜை முன்னால் போய் நின்று சண்டை போட முடிந்தது.

இப்போது உங்கள் மகளின் பள்ளிக்கு வருகிறேன். ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளாதார அறிஞர் நைஜீரியாவில் ஒன்றைக் கவனித்தார். நாட்டின் வடக்கே விளையும் வேர்க்கடலை, துறைமுகம் போக எண்ணூறு மைல் கடக்க வேண்டும். அவ்வளவு தூரத்துக்கு ரயில்தான் தோது. ஆனால் சரக்கெல்லாம் லாரியில் போனது. லாரி போட்டிக்கு வந்தால் ரயில்வே திருந்தியிருக்க வேண்டுமே, ஏன் திருந்தவில்லை? நஷ்டத்தை அரசு கஜானா ஈடுகட்டிவிடும் என்பது ஒன்று. இன்னொன்று, உரக்கச் சண்டை போடக்கூடிய வாடிக்கையாளர்கள்தான் முதலில் லாரிக்குப் போனார்கள். வேறு வழியில்லாமல் ரயிலையே நம்பியிருந்தவர்களின் முணுமுணுப்பு யார் காதிலும் விழவில்லை.

பள்ளியிலும் அப்படித்தான். கழிவறையில் தண்ணீர் வரவில்லையென்றால் தலைமையாசிரியர் அறை வரை போகக்கூடியவர் நீங்கள். மனு எழுதத் தெரியும், அதிகாரியின் பெயர் தெரியும், அரைநாள் விடுப்பு போட்டாலும் உங்கள் சம்பளம் வெட்டுப்படாது. உங்களைப் போன்ற நாற்பது பேர் ஒரே ஆண்டில் வெளியேறும்போது அந்தப் பள்ளி நாற்பது பிள்ளைகளோடு நாற்பது மனுக்களையும் இழக்கிறது. அடுத்த ஆண்டு குழாய் இன்னும் மோசமாகும், இன்னும் பத்துப் பேர் கிளம்புவார்கள். பிறகு ‘பார்த்தீர்களா, அரசுப் பள்ளி இப்படித்தான்’ என்று நாமே சொல்வோம்.

கெடுதலா என்று கேட்டிருந்தீர்கள். உங்களைக் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, என் மகனும் தனியார் பள்ளியில் படித்தவன்தான். எந்தத் தகப்பனும் ஒரு கொள்கைக்காகப் பிள்ளையின் பத்தாண்டுகளைப் பணயம் வைக்க மாட்டான். நான் பின்னால் செய்தது ஒன்றே ஒன்று. அவனைச் சேர்க்காமல் விட்ட அந்த அரசுப் பள்ளியின் கூட்டங்களுக்குப் போய் உட்கார ஆரம்பித்தேன். ‘உங்க பையன் எந்த வகுப்பு?’ என்று முதல் கூட்டத்தில் கேட்டார்கள். பதில் சொல்லக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அன்புடன்.